வேட்டையால் காடு பிழைக்குமா? பாசிர் ரிஸ் பன்றி கிளப்பிய கேள்வி

மலர்_பாசிர்ரிஸ் · ஞாயிறு, காலை 7:52

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். இங்கே சிங்கப்பூர் பாசிர் ரிஸில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதைத் தாண்டினால் காடு. விளக்குக் கம்பத்தடியில் ஒரு தாய்ப் பன்றி, கூடவே ஐந்து குட்டிகள். குட்டிகளின் முதுகில் வெள்ளரிக்காய் மாதிரி வரிவரியாகக் கோடு. தாய் மூக்கை மண்ணில் குத்தி ஓர் உந்து உந்தினால், பாயைச் சுருட்டுகிற மாதிரி புல்தரை சுருண்டு வருகிறது. அடியில் நெளிகிற புழுவைக் குட்டிகள் முண்டியடித்துத் தின்கின்றன. பத்தடி தள்ளி யாரோ பிரித்துப் போட்ட ரொட்டிப் பொட்டலம் கிடந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, ஒரு தடவை உறுமியது, குட்டிகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சுட்டுத் தள்ள வேண்டியதுதானே? ஆப்பிரிக்காவில் வேட்டையாடித்தான் விலங்குகளைக் காப்பாற்றுகிறார்களாம்" என்றார். அந்தப் பேச்சு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கொன்று காப்பாற்றுவது என்றால் என்ன? நிஜமாகவே எங்காவது நடந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தேக்கோங்_பையன் · ஞாயிறு, காலை 8:30

அக்கா, தேசிய சேவைக்குத் தேக்கோங் தீவுக்குப் போன எங்களுக்கெல்லாம் பன்றி பழக்கப்பட்ட ஆள்தான். ராத்திரி காட்டில் படுத்திருந்தால் பிஸ்கட் வாசத்துக்கு வந்து பையை மோந்து பார்க்கும். நாம் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கிவிடும்.

ஆனால் 2021இல் பொங்கோலில் ஒரு பன்றி இரண்டு பேரைத் தாக்கியதை நான் மறக்கவில்லை. என் அம்மா தினமும் நடக்கப் போகிற பக்கம் அது. ஆட்கள் புழங்குகிற இடத்துக்கு வந்துவிட்ட பன்றியைக் கூண்டு வைத்துப் பிடிக்கத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வேட்டை என்று சொல்வதா என்பது வேறு கேள்வி.

கானகன் · ஞாயிறு, முற்பகல் 11:15

மலர், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். எண்ணிக்கை பெருகிவிட்டது என்று அரசாங்கமே ஆள் வைத்துக் கொல்வது ஒன்று. கொம்புக்கும் தோலுக்கும் ஆசைப்பட்ட பணக்காரர் ஒருவர் காசு கட்டிச் சுடுவது இன்னொன்று. முதலாவதில் பொதுப்பணம் செலவாகும், இரண்டாவதில் பணம் வரும். வந்த பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் இரண்டாவது பிழைக்கும், அல்லது சாகும்.

நிஜமாக நடந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். நடந்திருக்கிறது. பாகிஸ்தான் மலைகளில் மார்க்கோர் என்று ஒரு காட்டாடு, திருகாணி போல முறுக்கிய கொம்பு. 1980களில் ஆப்கானிஸ்தான் போரால் துப்பாக்கி மலிந்துபோய், பலூசிஸ்தானின் தோர்கர் மலையில் இந்த ஆடு நூற்றுக்கும் கீழே போய்விட்டது. அந்த ஊர்ப் பழங்குடித் தலைவர்கள் தங்கள் ஆட்களின் வேட்டையை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களையே காவலுக்கு வைத்தார்கள். சம்பளம்? வருடத்துக்கு ஓரிரு வயதான கிடாக்களைச் சுட வெளிநாட்டவரிடம் வாங்கிய பணம். பிறகு மற்ற மலைகளுக்கும் இது பரவியது. 1997இல் சைட்டீஸ், அதாவது வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்த அமைப்பு, பாகிஸ்தான் முழுக்க ஆண்டுக்கு 6 மார்க்கோருக்கு அனுமதி தந்தது, 2002இல் அதை 12 ஆக்கியது. ஓர் உரிமம் இப்போது 2 லட்சம் அமெரிக்க டாலரையும் தாண்டி ஏலம் போகிறது. அதில் 80 விழுக்காடு அந்த மலைக் கிராமங்களுக்கு. 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் இந்த ஆட்டை அழியும் அபாயத்தில் உள்ளவை பட்டியலிலிருந்து எடுத்து, அபாயத்துக்கு அருகில் உள்ளவை என்ற நிலைக்குக் கொண்டுவந்தது.

அதாவது ஆண்டுக்கு அதிகபட்சம் 12 கிடாக்கள் செத்து, ஆயிரக்கணக்கானவை பிழைத்தன. எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனாலும் இந்தக் கணக்கை மறைக்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

செம்பருத்தி · ஞாயிறு, பிற்பகல் 2:04

கானகன் அண்ணா, மார்க்கோர் கதை உண்மைதான். ஆனால் அதைக் காட்டிக் காட்டியே மற்ற எல்லா வேட்டைக்கும் வெள்ளையடிக்கிறார்கள். சிசில் சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவில், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த சிங்கம். 2015 ஜூலையில் பூங்காவின் எல்லைக்கு வெளியே அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் முதலில் அம்பெய்து, பல மணி நேரம் கழித்துத்தான் கொன்றார். இது தனி ஒரு சம்பவம் கிடையாது. அதே பூங்காவில் 1999 முதல் 2004 வரை, ஆய்வாளர்கள் அடையாளமிட்ட வளர்ந்த ஆண் சிங்கங்களில் 72 விழுக்காடு வேட்டைக்காரர்கள் கையால் செத்தன. ஒரு கூட்டத்தின் தலைவன் செத்தால் கதை அதோடு முடியாது. புதிதாக வருகிற ஆண், பழையவனின் குட்டிகளைக் கொன்றுவிடும். சுட்டவர் கட்டிய பணம் ஒரு சிங்கத்துக்கு. செத்தது எத்தனை?

இன்னொன்று. வேட்டைக்காரர்கள் தேடுவது பெரிய கொம்பை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு மலையில் பெரிய கொம்புக் காட்டுச் செம்மறிக் கிடாக்களையே முப்பது வருடம் சுட்டார்கள். அந்த மந்தையில் கொம்பே சிறுத்துப்போனது. விவசாயி நல்ல விதையை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சமைப்பான். இங்கே நல்ல விதையைத் தின்றுவிட்டுப் பதரை விதைக்கிறார்கள்.

இதில் சிங்கப்பூருக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2022 அக்டோபரில் சாங்கி விமான நிலையத்தில் 34.7 கிலோ காண்டாமிருகக் கொம்பு பிடிபட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து லாவோசுக்குப் போகிற வழி. 2019 ஜூலையில் இங்கே பிடித்த 8.8 டன் தந்தம் கிட்டத்தட்ட 300 யானைகளுடையது. நம் துறைமுகம் வழியாகப் போகிற பெட்டிக்குள் இருக்கிற கொம்பு, உரிமம் வாங்கிச் சுட்டதா திருட்டா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2021 செப்டம்பரில் உள்ளூர்த் தந்த விற்பனையை அடியோடு தடை செய்தார்களே, அதுதான் எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

தோட்டத்து_முத்து · ஞாயிறு, இரவு 9:20

நான் மலேசியாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது உட்லண்ட்ஸ் வாசி, வயது அறுபத்தெட்டு. தோட்டத்துத் தமிழனுக்குப் பன்றி வேட்டை என்பது ஞாயிற்றுக்கிழமைக் கறி. நாலைந்து நாய், இரண்டு வேல்கம்பு, ஆறேழு ஆள். கிடைத்ததை லயத்தில் எல்லா வீட்டுக்கும் கூறு போட்டுக் கொடுப்பார்கள். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டிய கறி வாசம் கடைசி வீடு வரை வரும். குட்டியோடு இருக்கிற பெட்டையை என் தாத்தா தொட விடமாட்டார். அதைப் பாதுகாப்பு என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை, அது பழக்கம்.

அப்புறம் நாயும் வேலும் போய், கம்பி வந்தது. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியை வளைத்துச் சுருக்குப் போட்டு, வளைத்த மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். போட்டவன் வீட்டில் தூங்குவான், கம்பி தூங்காது. எனக்குப் பதினேழு வயதிருக்கும். ஒரு நாள் காலையில் ஓடைப் பக்கம் போனால் ஒரு தபீர், மலாய்க்காரர்கள் தெனோக் என்பார்கள், கறுப்பும் வெள்ளையுமாக, முன்னங்காலில் கம்பி இறுகி நிற்கிறது. எலும்பு தெரிந்தது. கம்பியை அறுக்கப் பக்கத்தில் போனால் பயத்தில் இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. மூன்று பேர் சேர்ந்து சாக்கைத் தலையில் போட்டு மூடி, குறடால் அறுத்துவிட்டோம். மூன்று காலில் போனது. பிழைத்திருக்காது. அதற்குப் பிறகு நான் வேட்டைக்குப் போகவில்லை.

இன்று மலேசியக் காட்டில் 150க்கும் குறைவான புலிதான் மிச்சம். கம்பிக்குப் பன்றி எது, மான் எது, புலி எது என்று தெரியாது. அதனால் தம்பிமார்களே, வேட்டை சரியா தப்பா என்று பேசும்போது எதை வைத்து வேட்டை என்றும் பேசுங்கள்.

செம்பருத்தி · ஞாயிறு, இரவு 9:41

முத்து ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. அந்தத் தபீர் கண்முன் நிற்கிறது.

சரவணன்_ஒட்டன்சத்திரம் · திங்கள், மதியம் 12:48

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். ஊரில் அப்பா இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிறார். மலையடிவாரம். கடலை பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரி பன்றி இறங்கினால் காலையில் கொடி மட்டும்தான் இருக்கும். அம்மாவின் பழைய புடவைகளை வேலி மாதிரி சுற்றிக் கட்டினோம். முடிதிருத்தும் கடையில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவினோம். ஒரு வாரம் பயப்படும், அப்புறம் புடவைக்கு அடியிலேயே நுழைந்து வரும். அப்பாவுக்கு வயது அறுபது. டார்ச் லைட்டோடு பரண்மேல் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நான் படுத்தால் தூக்கம் வருமா?

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் அவுட்டுக்காய் வைத்தார். பழத்துக்குள் வெடிமருந்து. பன்றி கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்தது. இதைத்தான் யானையும் கடித்துச் சாகிறது. 2020இல் பாலக்காட்டில் சினை யானை ஆற்றில் நின்றே செத்ததே, அதைப் பார்த்து உலகமே அழுதது. நானும் அழுதேன். ஆனால் அந்த வெடியை வைக்கிற அளவுக்கு ஒரு சம்சாரி ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை ஆட்களே சுடலாம். எங்கள் தோட்டம் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கிறது. பிடித்து விட்ட பன்றி மறுநாள் ராத்திரி திரும்பி வராதா? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தேக்கோங்_பையன் · திங்கள், மதியம் 1:10

சரவணன் அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. வரும். பன்றிக்கு வழி நன்றாகத் தெரியும். ஜொகூரிலிருந்து கடலையே நீந்திக் கடந்து உபினுக்கும் தேக்கோங்குக்கும் வருகிற ஜாதி அது.

கானகன் · திங்கள், இரவு 10:37

சரவணன், செம்பருத்தி, முத்து ஐயா மூவரும் எழுதியதைப் பலமுறை படித்தேன். நேற்று நான் எழுதியது பாதிதான் என்று புரிகிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

செம்பருத்தி, தடைதான் சரியான வழி என்றீர்கள். தந்தத்துக்குச் சரி. வேட்டைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. கென்யா 1977இல் வேட்டையை முழுக்கத் தடை செய்தது. 1977க்கும் 2016க்கும் நடுவில் அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்துவிட்டன. தடையால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது, மாடு ஆடு பெருகியது, வறட்சி வந்தது. ஆனால் துப்பாக்கியை எடுத்துவிட்டால் விலங்கு பிழைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த நாட்டில் ஆதாரம் இல்லை. வரிக்குதிரையால் தனக்கு ஒரு காசும் இல்லை, தன் மாட்டுக்குப் புல்தான் குறைகிறது என்றால், மாட்டுக்காரன் எதற்கு வேலி போடாமல் இருப்பான்?

நமீபியாவில் 1996இல் ஒரு சட்டம் வந்தது. தங்கள் நிலத்தில் உள்ள விலங்குகளால் வருகிற வருமானம் கிராமங்களுக்கே என்றார்கள். இன்று 86 கிராமக் காப்பகங்கள், நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சுற்றுலா வராத வறண்ட மூலைகளில் வேட்டைக் கட்டணமும் இறைச்சியும்தான் ஆதாயம். 2024இல் போட்ஸ்வானா அதிபர், வேட்டைக் கோப்பை இறக்குமதியைக் கட்டுப்படுத்த நினைத்த ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், வைத்துப் பாருங்கள் என்று சொன்னாரே, அது சரவணனின் அப்பா பரண்மேல் இருந்து சொல்கிற அதே பேச்சுதான். அங்கே 1,30,000 யானைகள் இருக்கின்றன. வயலும் கிணறும் அவர்களுடையவை, கண்டனம் மட்டும் தூரத்திலிருந்து வருகிறது.

நம் மண்ணிலும் கதை இருக்கிறது. மூணாறு இரவிகுளம் மலையைத் தேயிலைத் தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்காகக் கட்டிக் காத்தார்கள். அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் அவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருந்தார்கள். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆகிற வரை அந்தப் புல்வெளி தேயிலையாக மாறாமல் தப்பித்தது. இன்று உலகத்திலேயே வரையாடு அதிகமாக இருக்கிற இடம் அது. ஆனால் அதே துரைமார்தான் சுற்றியிருந்த சோலைகளை வெட்டித் தேயிலை நட்டார்கள். அவர்களுக்குக் கோயில் கட்ட நான் தயாரில்லை. மலையைத் தெரிந்து காத்தவர்கள் முதுவர்கள். துரைமார் காலத்தில் அவர்களுக்கு அதில் உரிமை என்று எதுவும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனது. 1978இல் சென்னைக்கு வெளியே வடநெம்மேலியில் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் எடுப்பார்கள், திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாராவது பெரும்பாலும் அவர்கள் எடுக்கிற விஷத்திலிருந்துதான். வேட்டைக்காரனின் கண்ணும் கையும் அப்படியே இருக்கிறது, பாம்பும் இருக்கிறது, அடுப்பும் எரிகிறது. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

மலர்_பாசிர்ரிஸ் · செவ்வாய், காலை 6:30

கானகன், அப்படியென்றால் சிங்கப்பூருக்கு?

கானகன் · செவ்வாய், இரவு 8:55

இங்கே வேட்டை தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடியும் மிளகும் போடக் காட்டை வெட்டினார்கள். புலி தோட்டத்து ஆட்களைத் தூக்கியது. அரசாங்கம் புலித் தலைக்குப் பணம் அறிவித்தது. 1930இல் சுவா சூ காங்கில் சுட்டதோடு காட்டுப் புலியின் கணக்கு முடிந்தது. பன்றியைத் தின்ன ஆள் இல்லாமல் போனது. மலேசியாவின் பாசோ காட்டில், புலி அருகிப்போய்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பனைத் தீனியும் கிடைத்தபோது, 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருந்தன. தாய்ப் பன்றி குட்டி போடும் கூட்டைக் கட்ட நூற்றுக்கணக்கான இளம் மரக்கன்றுகளை ஒடிக்கும். 2012இல் லோவர் பியர்ஸ் காட்டில் பன்றிகளைக் குறைக்கத் தேசியப் பூங்காக் கழகம் யோசித்ததற்கு இப்படிப்பட்ட கவலைதான் காரணம். அன்று விலங்கு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். இரு பக்கமும் காட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள்தான்.

அதனால் சில இடங்களில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வரலாம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுட்டால் மட்டும் தீராது. பிரான்சில் கடுமையாக வேட்டையாடப்படும் காடுகளில் பெட்டைப் பன்றிகள் ஒரு வயது ஆவதற்குள்ளேயே குட்டி போடத் தொடங்குகின்றன. தீனி இருக்கிற வரை இடம் காலியாக இருக்காது. உங்கள் விளக்குக் கம்பத்தடியில் கிடந்த ரொட்டிப் பொட்டலம், மலர், அதுதான் பன்றியைப் புல்வெளிக்கு வரவழைத்தது. 2020இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். லோரோங் ஹாலுஸ் பக்கம் தீனி போட்டதற்காக வழக்கே நடந்தது. பாவம் என்று போடுகிறவர்கள்தான் அதன் சாவுக்கு நாள் குறிக்கிறார்கள்.

செம்பருத்தி · செவ்வாய், இரவு 9:30

இந்தக் கடைசி வரியை எங்கள் பிளாக் கீழே எழுதி ஒட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் என் எண்ணம் மாறியிருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மார்க்கோர் மாதிரி, ஊர்க்காரர்களே முடிவெடுத்து, எண்ணி, அவர்கள் கைக்கே பணம் போகிற இடத்தில் நான் தூரத்திலிருந்து தடை கேட்கமாட்டேன். அது என் மலை கிடையாது. ஆனால் 2017இல் சின் மிங்கில் சத்தம் போடுகிறது என்ற புகாருக்காக 24 கோழிகளைக் கொன்றார்களே, அந்த மாதிரி நம் வசதிக்காகக் கொல்வதை எந்தப் பெயரிலும் ஏற்கமாட்டேன்.

தோட்டத்து_முத்து · புதன், காலை 5:50

நல்ல பேச்சு. செம்பருத்தி அம்மா, உங்கள் கோபத்தை விட்டுவிடாதீர்கள், அதுவும் வேண்டும்.

மலர்_பாசிர்ரிஸ் · புதன், இரவு 7:15

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணனிடம் மார்க்கோர் கதையையும் முத்து ஐயாவின் தபீரையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கீழே ரொட்டி போடுகிற பெரியவரைத் தனக்குத் தெரியும் என்றும், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். நானும் கூடப் போகிறேன்.

சரவணன் தம்பி, அப்பா எப்படி இருக்கிறார்?

சரவணன்_ஒட்டன்சத்திரம் · வியாழன், இரவு 10:20

நன்றாக இருக்கிறார் அக்கா. நேற்று ராத்திரி இந்த இழையைப் போனில் படித்துக் காட்டினேன். பாகிஸ்தான் ஆட்டுக் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "எனக்குப் பன்றியைக் கொல்ல ஆசையாடா? நஷ்டத்தைப் பார்க்க வருகிற ஆள் அடுத்த போகத்துக்குத்தான் வருகிறார். அதே வாரம் வந்து கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தால், நான் பரணை விட்டு இறங்கி வீட்டில் படுத்துக்கொள்வேன்."

இனிமேல் பன்றி வந்த தேதி, எத்தனை பாத்தி போனது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி போனில் படம் எடுத்து வைக்கிறாள். இந்த வாரம் மட்டும் மூன்று ராத்திரி, பதினொரு பாத்தி.